கப்பலைத் திருப்ப வேண்டாம்

மயூர் விஹார், டெல்லி

அன்புள்ள வல்லிக்கு,

இன்று, 1999 நவம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு உன் புது நாவலின் 312ஆவது பக்கத்தைப் படித்து முடித்தேன். அதுதான் கடைசிப் பக்கம். நடுவில் எதையும் தாண்டவில்லை. மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்த தமிழை வைத்துக்கொண்டு, அதுவும் உன் கையெழுத்தில், இவ்வளவு படித்தது எனக்கே ஆச்சரியம். நீ அங்கே எழுதி முடித்ததும் ஒரிஜினலை வைத்துக்கொண்டு ஜெராக்ஸை எனக்கு அனுப்பியது நல்லதாகப் போயிற்று.

கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று ஆபீசில் கலியமூர்த்தியைக் கேட்டேன். "நலம், நலமறிய ஆவல்னு போடுப்பா. மீதி தானா வரும்" என்றான். அந்த வார்த்தையோடு தொடங்க எனக்கு இஷ்டமில்லை. காரணம் கீழே வரும்.

முதலில் ஊர்ச் செய்தி. குளிர் வந்துவிட்டது, ரஜாய்ப் போர்வையைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். உன் கறிவேப்பிலைச் செடி பால்கனியில் இருக்கிறது. ராத்திரி பழைய பெட்ஷீட்டால் மூடி வைக்கிறேன், இலை இன்னும் கொட்டவில்லை. எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஜனவரி பிறக்கும் வரை ஒருவருக்கும் லீவு கிடையாது. 2000 பிறந்ததும் கம்ப்யூட்டர் எல்லாம் 1900க்குத் திரும்பிப் போய்விடும் என்று பயம். நீ இதைக் கதையாக எழுதியிருந்தால் காதில் பூச்சுற்றுகிறாய் என்று நானே சொல்லியிருப்பேன். இங்கே மொத்த ஆபீசும் நம்பி ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அத்தைக்கு இன்னொரு கண்ணுக்கும் தேதி கொடுத்துவிட்டார்களா? முதல் கண் ஆபரேஷனுக்கு என்று செப்டம்பரில் உன் அம்மா வீட்டுக்குப் போனாய். கட்டு அவிழ்த்து, கண்ணாடி போட்டு, அவர்கள் இப்போது டி.வி. பார்க்கிறார்கள் என்று நீயே எழுதியிருந்தாய். நீ மட்டும் இன்னும் உறையூரிலேயே இருக்கிறாய். குறையாகச் சொல்லவில்லை. அங்கே உனக்கு எழுத ஓடுகிறது. இங்கே ஓடவில்லை. அது எதனால் என்று இந்த நாவலைப் படிக்கும் வரை நான் யோசிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளிக்கு முந்தின வாரம் உன் பதிப்பாளர் வேதாந்தம் சார் ஃபோன் செய்தார். பொங்கல் சமயத்தில் புத்தகக் கண்காட்சி, நாவலை அதற்குள் கொண்டுவந்தால் இந்த வருஷமும் உனக்குப் பரிசு நிச்சயம், கடைசி அத்தியாயம்தான் இடிக்கிறது என்றார். "அந்த மனுஷன் திரும்பி வந்துட்டா என்ன சார் குறைஞ்சு போயிடும்? கப்பல்தானே, திருப்பச் சொல்லுங்க. நீங்க சொன்னா அவங்க கேப்பாங்க" என்றார். நான் சரி சார், பேசிப் பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. எந்தக் கப்பல், எந்த மனுஷன், எதுவும் எனக்குத் தெரியாது.

இதையேதான் நீயும் கேட்டு எழுதியிருந்தாய். முடிவை மாற்றட்டுமா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று. அதற்கு நான் ஃபோனில், "உன் இஷ்டம், ஜல்தி முடிவு பண்ணு" என்றேன். அங்கே பக்கத்து வீட்டு ஹாலில், அவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, நீ ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாய். சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாய்.

அன்றைக்குத்தான் ஜெராக்ஸ் கட்டைப் பிரித்தேன். கலியமூர்த்திக்குத் தெரிந்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏம்ப்பா ராஜவேலு, எங்க விழுப்புரம் லைப்ரரில உன் வீட்டம்மா கதை வந்த புக்க ஒளிச்சு வச்சுப் படிப்பானுங்க. நீ என்னடான்னா அவங்க வாங்கின ஷீல்ட ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர் மேல வச்சிருக்க" என்றான். ஷீல்டை எடுத்து ஹால் அலமாரியில் வைத்துவிட்டேன். அதன் கீழே ஸ்டெபிலைசர் சூட்டில் கொஞ்சம் நிறம் மாறியிருக்கிறது. பார்த்தால் தெரியாது.

இனி கதை. நான் சரியாகத்தான் படித்தேனா என்று நீ சொல். ஒரு சின்ன நிலவில் சிக்னல் நிலையம், அதில் நாச்சி தனியாக இருக்கிறாள். அவள் புருஷன் போன கப்பல் தூரம் போய்க்கொண்டே இருக்கிறது. அவள் நீளநீளமாகச் செய்தி அனுப்புகிறாள். கண்ணாடிக் கூண்டுக்குள் போட்ட கீரை முளைத்தது, தூசிப் புயல் வந்தது, பம்ப் ரிப்பேரானது, கனவில் மழை பெய்தது, எல்லாம். கப்பலிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். "கிடைத்தது. நலம்." கடைசிப் பக்கத்தில் அவள் ஆன்டெனாவைக் கப்பல் பக்கத்திலிருந்து வேறு திசைக்குத் திருப்பி வைத்துவிட்டு, கீரைக்குத் தண்ணீர் விடப் போகிறாள்.

ஒரு தப்பு இருக்கிறது. சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. 88ஆம் பக்கத்தில் கப்பல் ஒரு ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது, அவள் கேட்ட கேள்விக்கு ஆறு மாதத்தில் பதில் வருகிறது. வராது. கேள்வி போய்ச்சேர ஒரு வருஷம், பதில் வந்துசேர ஒரு வருஷம். கப்பல் நகர்ந்துகொண்டே இருப்பதால் அதற்கும் மேலே. பாவம், நாச்சி இரண்டு வருஷத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். எழுதும்போது எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் கணக்கு கணக்குதான். திருத்திவிடு. திருத்தினால் கதைக்கும் நல்லதுதான் என்று நினைக்கிறேன். இரண்டு வருஷம் காத்திருந்து வாங்குகிற "கிடைத்தது. நலம்." வேறு மாதிரி இருக்கும்.

140ஆம் பக்கத்தில் அந்தப் பதில் நான்காவது தடவையாக வருகிறது. அதுவரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கப்பல்காரன் பிஸியாக இருப்பான் என்றுதான் நினைத்தேன். நாலாவது தடவை படித்தபோது அந்தக் குரல் எங்கேயோ கேட்டதாக இருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது, அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது தெரிந்தது. ஞாயிறுதோறும் ஃபோனில் நான் உன்னிடம் சொல்வது அது. லெட்டர் கிடைச்சுது, இங்க எல்லாம் நலம், வச்சிரட்டா. ஆறு பக்கத்துக்கு நீ எழுதுவாய். அத்தை கட்டை அவிழ்த்ததும் முதலில் உன் நரைமுடியைப் பார்த்துக் கண்டுபிடித்தது, காவிரியில் தண்ணீர் வந்தது, புதுக் கதைக்கு ஒரு வரி கிடைத்தது, எல்லாம் எழுதுவாய். நான் அதற்கு ரசீது கொடுப்பேன்.

கலியமூர்த்தியிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, "கதை பிரமாதம். புருஷன் பாத்திரம்தான் கொஞ்சம் ஓவரு. இப்படியும் ஒருத்தன் இருப்பானா?" என்றான். நான் டீ குடிக்க கேன்டீனுக்குப் போய்விட்டேன்.

போன குளிர்காலத்தில் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே நீ சொன்னது நினைவிருக்கிறதா? நாற்பது வயதுக்குள் ஐந்து நாவல், குழந்தைகளுக்கு ஒரு தொகுப்பு, யமுனை வற்றிப்போன டெல்லியைப் பற்றி ஒரு பெரிய கதை, எல்லாவற்றிலும் ஒன்றாவது வேறு பாஷைக்குப் போக வேண்டும் என்றாய். கையில் கிளிப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாய். முடித்ததும் நான், கேஸ் புக் பண்ணியாச்சா என்று கேட்டேன். நீ பண்ணியாச்சு என்று சொல்லிவிட்டு மீதித் துணியைக் காயப்போட்டாய். அதற்கப்புறம் நீ எந்தத் திட்டத்தையும் என்னிடம் சொன்னதாக ஞாபகம் இல்லை.

நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். மாற்றாதே. கப்பலைத் திருப்ப வேண்டாம். எனக்கு அவன் திரும்பி வந்தால் நன்றாகத்தான் இருக்கும், மறைக்கவில்லை. 300ஆம் பக்கம் வரை வந்துவிடுவான் என்றுதான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் அனுப்பிய செய்தி ஒன்றைக்கூட அவன் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அப்படிப்பட்டவன் வந்து இறங்கி என்ன செய்யப் போகிறான்? கீரை எங்கே இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. அவள் ஆன்டெனாவைத் திருப்பியது நியாயம். வேதாந்தம் சார் சொல்கிற பரிசு போனால் போகட்டும். இந்த முடிவோடும் கிடைக்கும் என்பது என் கட்சி. இந்த விஷயத்தில் என் கட்சிக்கு மதிப்பு இல்லை, தெரியும். ஆனாலும் இப்போது படித்துவிட்டுச் சொல்கிறேன்.

நீ எழுதிய மற்றொரு விஷயம், சென்னைப் பத்திரிகையில் வேலை. மாதம் ஒரு விஞ்ஞானக் கதை இணைப்பு, அதற்கு நீதான் பொறுப்பு, டிசம்பர் முதல் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். போனால் சென்னையிலேயே இருக்க வேண்டியிருக்கும் என்பதை ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த பாராவில் மழையைப் பற்றி எழுதப் போய்விட்டாய். அந்த வரியை இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். அதில் நீ என்னை ஒன்றும் கேட்கவில்லை. முன்பெல்லாம் கேட்பாய்.

போக வேண்டும் என்றால் போ. நான் வந்து நிறுத்தப் போவதாக நினைக்காதே. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நாச்சியின் புருஷனுக்கு இருந்த கஷ்டம் எனக்கு இல்லை. அவன் நினைத்தாலும் திரும்ப முடியாத தூரம் போய்விட்டான். எனக்கும் உனக்கும் நடுவில் இருப்பது இரண்டு ராத்திரி ரயில்.

வெளிச்சம் நன்றாக இருக்கிறது, பால்கனியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே காய்கறி விற்கும் சப்ஜிவாலா, "பாபிஜி எப்ப வர்றாங்க" என்று உன்னைப் பற்றி இந்தியில் கேட்டுவிட்டுப் போகிறான். தெரியாது என்றேன்.

அடுத்து நான் செய்யப் போவதைக் கீழே எழுதுகிறேன். இதுவரை எழுதியதைக் கலியமூர்த்தியிடம் காட்டிப் பிழை திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். காட்டப் போவதில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

1. நாளைக் காலை இதை ஸ்பீட் போஸ்டில் போடுவேன். எனக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிடும். நீ பதில் எழுதி அது எனக்குக் கிடைக்க நேரம் இல்லை, அதனால் எழுத வேண்டாம்.

2. போஸ்ட் ஆபீசிலிருந்து நேராக எங்கள் ஆபீசர் ஷர்மாவிடம் போய் லீவு கேட்பேன். தர மாட்டார். கலியமூர்த்தி என் ஷிஃப்டையும் சேர்த்துப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். ஷர்மா கத்தினால் கத்தட்டும்.

3. வெள்ளிக்கிழமை தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறது. உறுதியாகாவிட்டாலும் ஏறிவிடுவேன். ஞாயிறு சாயங்காலம் உறையூரில் இருப்பேன். அத்தையிடம் எனக்காக ஒன்றும் விசேஷமாகச் செய்ய வேண்டாம் என்று சொல்.

4. வேதாந்தம் சாரிடம் நான் ஒன்றும் பேசப் போவதில்லை. பேச வேண்டியது நீ.

5. சென்னைக்கு மாற்றல் கேட்கும் ஃபாரம் வாங்கி வைத்திருக்கிறேன். டெல்லியில் பிறந்தவன் மெட்ராஸ் கேட்கிறானா என்று கிளார்க் இரண்டு தடவை கேட்டான். பூர்த்தி செய்து கையெழுத்துப் போடாமல் பையில் கொண்டுவருவேன். நீ போடு என்றால் போடுவேன். வேண்டாம் என்றால் அங்கேயே கிழித்துவிடலாம்.

6. முகம் கழுவி, காபி குடித்துவிட்டு, உன் நாவலை முதல் பக்கத்திலிருந்து உனக்குப் படித்துக் காட்டுவேன். சத்தமாக. நடுநடுவே தடுமாறுவேன். அந்த இடங்களில் வார்த்தையை நீ எடுத்துக் கொடுக்காதே. கொஞ்சம் காத்திரு, வல்லி. வந்துவிடுவேன்.

உன்
ராஜவேல்