பிறந்தநாள் காணிக்கையும் ஜூன் மாதமும்

அன்பு மகள் ஜெஸ்ஸிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே இருவரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், பாதி சந்தேகத்தோடுதான். ஃபோனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்வார், அதனால் ஆபீஸ் விஷயமாக உங்கள் ஊருக்கு வரும், கச்சிபௌலியில் வேலை பார்க்கும் நம் ஸ்ரீகாந்திடம் பருப்புப் பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

உன் பேராசிரியருக்கு ஆராய்ச்சிப் பணம் நின்றுபோனது, மருத்துவக் கல்லூரியில் உன் போஸ்ட்டாக் ஆராய்ச்சி வேலை ஜூனோடு முடிகிறது என்று நீ என்னிடம் சொன்ன அதே வாரம்தான் உன் பிறந்தநாள் வந்தது. அப்பா வழக்கம்போல நம் தமிழ்ச் சபையில் உன் பேரில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டார், மகளை அமெரிக்காவில் பெரிய டாக்டராக உயர்த்தியதற்காக என்று போதகர் ஐயரும் ஆராதனையில் வாசித்துவிட்டார். பி.எச்டி டாக்டருக்கும் ஊசி போடுகிற டாக்டருக்கும் வித்தியாசம் யாருக்குத் தெரிகிறது, மறுநாளே ஸ்டெல்லா ஆன்ட்டி தன் தைராய்டு ரிப்போர்ட்டை உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாளாமே. அப்பா தலைகுனியக் கூடாது, ஆராய்ச்சியை விட்டுவிட்டு லேப் மெஷின் விற்கிற கம்பெனிக்குப் போகிறேன் என்று நீ அழுதது எனக்குத் தாங்கவில்லை. அப்பாவிடம் சொல்லாதே என்றாய், சொல்லிவிட்டேன். கோபம் வந்தால் கோபித்துக்கொள். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு பேகம்பேட் வரை போய் ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தார்.

போன ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் அவர் எழுந்து நின்றார். எம்மவ வைத்தியம் பாக்குற டாக்டர் இல்ல, சர்க்கரை வியாதி கிட்னியை ஏன் கெடுக்குதுன்னு எலியை வச்சு ஆராய்ச்சி பண்ணுதா, அந்த வேலையும் ஜூனோட முடியுது, அடுத்த வேலைக்காக ஜெபிச்சிக்கோங்க என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சபை முழுக்க ஜெபித்தது. வெளியே வந்ததும் ஸ்டெல்லா ஆன்ட்டி, அப்ப என் தைராய்டை யார்கிட்ட காட்டுறது என்று கேட்டாள், வேறென்ன செய்வாள் பாவம். அன்று எனக்கு அவரைக் கட்டிக்கொண்ட நாள்போல் பெருமையாக இருந்தது.

எனக்காக அவ எதையும் விட வேண்டாம்னு எழுது என்கிறார். விற்கிற வேலையில் குறைவு ஒன்றும் இல்லை, உனக்குப் பிடித்தால் போ, எங்களுக்காகப் போகாதே. வேறு பேராசிரியர்களுக்கு எழுதிப் பார். கிடைக்கும்வரை இங்கே வந்து இரு, உன் அறையில் அப்பா குவித்த பழைய பேப்பர் கட்டுகளைத் தூக்கிப்போட எனக்கும் சாக்கு வேண்டும்.

ஆண்டவர் உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பார். குளிரில் தலைக்குக் குல்லா போடு. ஒன்று மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை அப்பா நம்பருக்கே கூப்பிடு, எடுத்ததும் அம்மாகிட்ட குடுங்க என்று சொல்லாதே. வேலை போகிற விஷயத்தை உன் வாயால் அவரிடம் சொல். இப்போதுதான் கேள்விப்படுவதுபோல் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
ஆக்னஸ்