முதல் கம்பிக்கு வந்த தாமதம்

அன்புள்ள கணவருக்கு,

இங்கே நானும் சின்னதும் நலம். அங்கே நீங்கள் நலம் என்று நீங்கள் சொல்வதை இனி நம்புவதாக இல்லை. அதனால் அதை விசாரித்து எழுதவில்லை.

போன் இருக்கும்போது இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் குரலை உயர்த்தினால் உடனே உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. மெசேஜ் போட்டால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. காகிதத்தை அப்படிப் பாதியில் துண்டிக்க முடியாது. லீவு முடிந்து திரும்புகிற உங்கள் கம்பெனி டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எந்தக் கையை நீட்டி வாங்கினீர்கள் என்று பார்த்துச் சொல்லும்படியும் கேட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கிட்டார் பதிவு அனுப்பினீர்களே, இன்னிக்குக் காலையில வாசிச்சது என்று. கேட்டேன். சின்னதைத் தூங்கவைக்கும் அந்தப் பாட்டுதான். விரலால் மீட்டியது, சுத்தமாக இருந்தது. ஆனால் நடுவில் பின்னாலிருந்து ஒருத்தி, மழை வருது துணிய எடுங்க, காது கேக்கலையா என்று கத்துகிறாள். அந்த ஒருத்தி நான்தான். உங்கள் கம்பெனி அறைக்கு நான் எப்போது வந்து துணி காயப்போட்டேன்? முதலில் சிரித்துவிட்டேன். அடுத்து வந்த கோபம் இதை எழுதும்வரை இறங்கவில்லை. நம் வீட்டில் எப்போதோ பதிந்ததைத் தேடியெடுத்துப் புதுசென்று அனுப்புகிற அளவுக்கு உங்களுக்கு என்ன அவசியம் வந்தது? பொய் சொல்வதென்றால் ஒழுங்காகச் சொல்லத் தெரிய வேண்டாமா?

சுற்றி வளைக்கவில்லை. உங்கள் வலது கையில் ஏதோ ஆகியிருக்கிறது. மோதிர விரலில். அட்டைப்பெட்டி வெட்டும் அந்த மெஷினில்தான் ஆகியிருக்க வேண்டும். அதை மறைத்துக்கொண்டு மாதக்கணக்காக எனக்குக் கதை விட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

முதலில் நகம் உடைந்துவிட்டது, அதனால் கம்பியைத் தட்டும் பிக் வில்லையை வைத்து வாசிக்கிறேன் என்றீர்கள். சரி என்று விட்டேன். நகம் என்றால் வளரும். சின்னதுக்கு அதற்குள் விழுந்த பல்லே முளைத்துவிட்டது, உங்கள் நகம் மட்டும் வளரவில்லை. பிறகு திடீரென்று ஞானோதயம் வந்த மாதிரி, விரலால மீட்டுறதெல்லாம் சும்மா படம் காட்டுறது, எல்லாக் கம்பியையும் சேர்த்து அடிக்கிற ஸ்ட்ரம்மிங்தான் வாசிப்பு, நீயும் அதையே பழகு என்றீர்கள். யார் சொல்வது? கட்டைவிரல் தடித்த கம்பிகளுக்கு, சுண்டுவிரல் போக மற்ற மூன்று விரலும் ஆளுக்கொரு கம்பிக்கு, யாரும் யார் வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது என்று என் உயிரை வாங்கிய மனிதர். பேக்கரியில் நகம் வளர்க்க விடமாட்டார்கள், தினமும் சூப்பர்வைசர் கையை விரித்துப் பார்க்கிறார் என்று நான் சொன்னபோது, அப்ப வேலையை மாத்து என்று சொன்ன மகானுபாவர். விரல் நுனிச் சதையாலேயே மீட்டிப் பழகினேன். சத்தம் மொத்தையாக இருக்கிறது என்று அதற்கும் மூஞ்சியைத் தூக்கினீர்கள். அப்படிப்பட்டவர் விரலே வேண்டாம் என்றால் எனக்குச் சந்தேகம் வராதா?

உங்கள் ஸ்ட்ரம்மிங்கும் ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. விறகு பிளக்கிறீர்கள். மணிக்கட்டிலிருந்து கை ஆட வேண்டும், முழங்கையிலிருந்து இல்லை என்று எனக்குச் சொல்லித் தந்தது யார்? பிக்கைத் தளர்வாகப் பிடி, கம்பியைத் தொடாத நேரத்திலும் கை மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கட்டும், அப்பதான் தாளம் நிக்கும் என்பீர்கள். உங்கள் பதிவில் கை நின்று நின்று போகிறது. வலிக்கிற கைதான் அப்படி நிற்கும்.

சின்னதுதான் முதலில் கேட்டது. அப்பா பாட்டுல அந்த டிங் எங்கம்மா என்றாள். முதல் கம்பியில், மோதிர விரலால் நீங்கள் தொடுகிற அந்தச் சின்ன ஸ்வரம். அது வந்த பிறகுதான் அவள் புரண்டு படுப்பாள். அதை உங்களிடம் சொன்னதும் நடுவில் ஒருமுறை மட்டும் பிக் இல்லாமல் வாசித்து அனுப்பினீர்கள். டிங் வந்தது. ஆனால் பாட்டு முழுக்க ஒவ்வொரு டிங்கும் கொஞ்சம் தாமதமாக வந்தது. கேட்டால் கம்பி பழசு என்றீர்கள். கம்பி பழசானால் சத்தம் மங்கும், தாமதமாக வராது. இதையும் நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பேக்கரியில் வெட்டுக்காயத்துக்கு ஒட்டுகிற நீல பிளாஸ்திரியை எடுத்துவந்து, என் மோதிர விரலை மடக்கி உள்ளங்கையோடு சேர்த்து ஒட்டினேன். நீங்கள் இங்கே விட்டுப்போன உங்கள் பழைய கிட்டாரை எடுத்து அந்தப் பாட்டை வாசித்தேன். நடுவிரல் இரண்டாம் கம்பியை விட்டு முதல் கம்பிக்கு ஓட வேண்டியிருக்கிறது. அதே இடம், அதே தாமதம். கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன். அப்புறம் உங்கள் அறை நண்பர் தாடிக்காரருக்கு போன் போட்டேன். அவர் எப்படி இருக்கார் என்று மட்டும்தான் கேட்டேன். கையெல்லாம் நல்லா இருக்கு அண்ணி என்றார் அந்த அப்பாவி. கையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. வீடியோவில் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி முகத்தை மட்டும் காட்டுகிறீர்களே, அதன் காரணமும் அப்போது விளங்கியது.

எனக்கு எரிகிறது. காயம் பட்டதற்காக இல்லை, அது உங்கள் கையில் இல்லை. காயம் பட்ட அன்று யார் உங்களுக்குச் சோறு பிசைந்து கொடுத்தது? சட்டைப் பொத்தானை யார் போட்டுவிட்டது? அந்தத் தாடிக்காரருக்குத் தெரியலாம், டிரைவருக்குத் தெரியலாம், எனக்குத் தெரியக் கூடாதா? நான் என்ன, தொட்டால் உடைகிற கண்ணாடிப் பாத்திரமா? அவள் தாங்கமாட்டாள் என்று நீங்களே முடிவு செய்துகொண்டு, அங்கே ஒற்றை ஆளாக வலியைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். இதற்குப் பெயர் பாசம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்றும் தெரியும், இனி வாசிக்கவே முடியாது என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அங்க இருக்கிற கிட்டாரை வித்துட்டு சின்னதுக்கு சைக்கிள் வாங்கிக் கொடு என்று போன வாரம் பேச்சோடு பேச்சாகச் சொன்னீர்கள். விற்கமாட்டேன். அவள் சைக்கிளும் கேட்கவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். அந்த பிளாஸ்திரியை நான் விடவில்லை. வேலை முடிந்து வந்து தினமும் ஒட்டிக்கொண்டுதான் வாசிக்கிறேன். மூன்றாம் கம்பியோடு இரண்டாம் கம்பியையும் ஆள்காட்டி விரலே பார்த்துக்கொள்ளட்டும். நடுவிரலை முதல் கம்பிக்கு மேலேயே நிறுத்தி வையுங்கள், ஓட விடாதீர்கள். யாரும் யார் வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது என்ற உங்கள் சட்டத்தைத் தூக்கிப் போடுங்கள். கட்டைவிரல் நடக்கிற நடையை மட்டும் மாற்றாதீர்கள். ஆரம்பத்தில் ஆமை வேகத்தில், காலால் தட்டிக்கொண்டே வாசியுங்கள். எனக்கு முதல் வாரம் நரகமாக இருந்தது. ஆள்காட்டி விரல் சண்டித்தனம் பண்ணும், விடாதீர்கள். இப்போது எனக்கு டிங் நேரத்துக்கு வருகிறது. முந்தாநாள் சின்னது அதைக் கேட்டுப் புரண்டு படுத்துக்கொண்டாள். ஆனால் காலையில் எழுந்ததும், இது அம்மா டிங், அப்பா டிங் வேற என்று சொல்லிவிட்டாள்.

மற்றபடி செய்தி ஒன்றுமில்லை. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. பேக்கரியில் எனக்கு காலை ஷிப்டே நிரந்தரமாகிவிட்டது. லீவு கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் வேலையை விட்டுவிட்டு வாருங்கள், இருக்கிறதை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். வரும்போது கையை உறைக்குள்ளோ பாக்கெட்டுக்குள்ளோ வைத்துக்கொண்டு வராதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முடிக்க வேண்டும். அதை உங்களிடம் ஒப்படைத்த லட்சணம் போதும், இனி நான் பார்த்துக்கொள்கிறேன். வருவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று செய்யுங்கள். பிக்கைத் தூரப் போட்டுவிட்டு, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சின்னதின் பாட்டை ஒருமுறை வாசித்து அனுப்புங்கள். தப்புத் தப்பாக இருக்கட்டும். எதுவும் விளக்கிச் சொல்ல வேண்டாம். எத்தனை விரல் மிச்சம் இருக்கிறது என்று நானே கேட்டு எண்ணிக்கொள்கிறேன்.

கோபம் தீராத
உங்கள் மனைவி