நந்தி கொண்டுவந்த சேதி

திருவெறும்பூர்,
17-1-1979

அன்புள்ள அத்தானுக்குச் செல்லக்கிளி எழுதுவது. அத்தையும் நானும் நலம். பிலாயில் கடுங்குளிர் என்று எழுதியிருந்தீர்கள். கம்பளியைப் பெட்டியிலேயே வைத்திருக்காதீர்கள்.

பொங்கல் முடிந்தது. உங்கள் அண்ணன் குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஆகிவிட்டதால், மாட்டுப் பொங்கல் விழாவில் இந்த வருடம் அவர்தான் பேச்சாளர். பொங்கலின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார். அந்தக் காலத்துப் பெண்களின் தை நீராடல், சோழர் காலத்தில் புது நெல்லுக்கு எடுத்த விழா என்று நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். "பொம்பளைங்க ஆத்துல குளிச்ச கதையெல்லாம் மேடையில எதுக்கும்மா?" என்று முதல் இரண்டு பக்கங்களைக் கிழித்துவிட்டார். பதிலுக்கு, கல்லணை கட்டி முடித்த அன்று கரிகாலனே முதல் பானை வைத்ததாக ஒரு வரலாற்றைத் தானே செய்துகொண்டார். கைதட்டினார்கள். காந்தி மார்க்கெட் ரோஜா மாலை வேறு. கழற்ற மனமில்லாமல் அதோடுதான் சாப்பிட உட்கார்ந்தார்.

பேச்சின் கடைசியில் நந்தி கதை. தினமும் எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள், மாதம் ஒருமுறை சாப்பிடுங்கள் என்று மனிதர்களிடம் சொல்லிவரச் சிவன் நந்தியை அனுப்பினாராம். நந்தி மாற்றி, தினமும் சாப்பிடுங்கள், மாதம் ஒருமுறை குளியுங்கள் என்றதாம். இத்தனை சோற்றுக்கு நீயே போய் உழு என்று சிவன் சபித்துவிட்டாராம். "சொன்னதச் சொல்லணும்ப்பா, மாடு மாதிரி மாத்தக் கூடாது" என்று ஊருக்கு உபதேசம் செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிசம்பரில் நீங்கள் பிலாய்க்குக் கிளம்பிய காலையில், கல்லூரி நூலக வேலைக்கு எனக்கு வந்த உத்தரவைப் படித்துவிட்டு, "தாராளமா போ கிளி" என்றீர்கள். உங்களை ஜங்ஷனில் ரயிலேற்றிவிட்டு வந்த அண்ணன், "வேலையெல்லாம் வேணாம், அம்மாவப் பாத்துக்கட்டும்னு தம்பி சொல்லிட்டான்" என்று கூடத்தில் நின்று அறிவித்தார். மாற்றிச் சொல்கிறார் என்று அப்போதே மனதுக்குள் அவரை ஏரில் பூட்டிவிட்டேன். பிறகு உங்களிடமிருந்து மூன்று கடிதங்கள். குளிர் இருக்கிறது, கேண்டீன் சாம்பார் இருக்கிறது. அப்படிச் சொன்னீர்களா என்று நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.

பக்கத்து வீட்டு இருசம்மாளின் மாட்டுக்குப் பொட்டு வைக்கும்போது தோன்றியது. நந்தி, கேட்டதை அப்படியேதான் சொல்லியிருக்கும். சோறு போதவில்லை என்றதும் சிவன்தான் பழியை அதன் முதுகில் ஏற்றிவிட்டிருக்கலாம். எதிர்த்துப் பேச முடியாத பிராணி.

வேலையில் சேர 29ஆம் தேதி கடைசி நாள். சேரப்போகிறேன். அத்தையே, "போயிட்டு வா, நான் என்ன படுத்த படுக்கையாவா இருக்கேன்?" என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே இது அனுமதி கேட்கும் கடிதம் அல்ல. ஜங்ஷனில் என்ன சொன்னீர்கள் என்று ஒரே ஒரு வரி, உங்கள் கையால் எழுதுங்கள்.

அண்ணன் மாற்றிச் சொல்லியிருந்தால் மன்னித்துவிடுவேன். அவரை மன்னிப்பது எனக்குச் சுலபம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மாலை போட்ட மனிதரிடம் என்னை மன்னிப்புக் கேட்க வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
செல்லக்கிளி