பூஜ்யம் ஆனவர்கள்

ஜூன் 10, செவ்வாய்
ஆண்டர்சன்பேட்டை ரத்தப் பரிசோதனை முகாமின் எக்செல் தாள் வந்தது, அதிலிருந்து பட்டியல் எடுப்பது என் வேலை. கூடவே தலைவலியும். ஒரு மேசையில் ஹீமோகுளோபினை 9, 11 என்று முழு எண்ணாக எழுதியிருக்கிறார்கள். அடுத்த மேசையில் 9.4, 10.2 என்று புள்ளி வைத்து. என் புரோகிராமில் வயதை முழு எண்ணாக மாற்றும் வரியையே இதற்கும் போட்டிருந்தேன். புள்ளியைக் கண்டதும் புரோகிராம் நின்றுவிடுகிறது. தட்டச்சு செய்த சிவகுமாரிடம் போனில் எரிந்து விழுந்தேன். "மிஷின்ல இன்னா வந்துச்சோ அதத்தான்க்கா போட்டேன்" என்றான். நியாயம்தான். அதனாலேயே எரிச்சல் கூடியது.

ஜூன் 11
புரோகிராம் நான்காவது முறையாக நின்றது. பெங்களூர் ரயிலில், மடியில் லேப்டாப், விலாவில் யாரோ ஒருவரின் முழங்கை. போதும் சாமி. மாற்ற முடியாததையெல்லாம் 0 என்று வைக்கச் சொல்லிவிட்டேன். 0 என்றால் பரிசோதிக்கவில்லை என்று பொருள், பட்டியலில் வராது. ஓடியது. ஏழுக்குக் கீழே உள்ள, உடனே சிகிச்சை வேண்டிய ரத்தசோகைக்காரர்களின் பட்டியலை முகாம் டாக்டருக்கு அனுப்பினேன். ஒழிந்தது.

ஜூன் 19
சிவகுமார் போன். பார்வதம்மா பங்காருபேட்டை பிளாட்பாரத்தில் மயங்கி விழுந்துவிட்டாராம். பெங்களூரில் வீட்டு வேலைக்குப் போகிறவர், ரயிலில் எங்கள் பெட்டியில்தான் வருவார். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றுகிறார்கள். முகாமுக்கு வந்தவர், ஆனால் பட்டியலில் பேர் இல்லை.

தாளைத் திறந்து அவர் பேரைத் தேடினேன். 5.6. என் புரோகிராமில் — 0.

இரண்டாவது மேசையில் புள்ளி வைத்து எழுதப்பட்ட அத்தனை பேரும் 0. அறுபத்து மூன்று பேர். அதில் பதினோரு பேர் ஏழுக்குக் கீழே.

இன்னா பண்ணி வெச்சிருக்கேன் நான்? தப்பு தப்புன்னு நாலு வாட்டி சொல்லுச்சே. நாந்தானே அது வாய அடைச்சேன்?

ஜூன் 20
வரியைத் திருத்த இரண்டு நிமிடம் ஆனது. இரண்டே நிமிடம்.

ஜூன் 21, சனி
சிவகுமாரோடு வீடு வீடாகப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் அவன், கம்ப்யூட்டர் தப்பு என்று ஆரம்பித்தான். ஐந்தாவது வீட்டில் பொறுக்கவில்லை. "கம்ப்யூட்டர் இல்ல சிவா, நான்" என்றேன். மீதிப் பத்துப் பேரில் ஒன்பது பேரைப் பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியாயிற்று. நந்திதுர்க் குடியிருப்பில் ஜெயம்மா வீடு மட்டும் பூட்டியிருந்தது.

ஜூன் 22
பார்வதம்மாவைப் பார்த்தேன். "எம்பேரு மட்டும் ஏம்மா வுட்டுப்போச்சு?"
சொன்னேன். 
"வேல வூட்ல வேற ஆள வெச்சிட்டாங்க" என்றார். அவ்வளவுதான்.

ஜூன் 24
ஜெயம்மா மகள் வீட்டிலிருந்து திரும்பியிருந்தார். நாலு படி ஏறியதற்கே மூச்சு வாங்கியது. ஆட்டோவில் அழைத்துப் போனேன். பார்வதம்மாவுக்கு எதிர்க் கட்டில் கிடைத்தது. ஊசி ஏறும்வரை ஜெயம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பார்வதம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் கட்டிலுக்கடியில் இருந்த ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

"உக்காரு."