மீளாக் கட்டணம்

புரட்டாசி 6

முனீஸ்வரியோடு கம்பம் சென்று கப்பல் பயணத்திற்குப் பதிந்து வந்தேன். கார்த்திகை 12 அன்று கொச்சியில் புறப்பாடு. இலட்சத்தீவு கண்டு ஐந்தாம் நாள் திரும்பல். திராட்சை அறுப்பு முடிந்து, அடுத்த கவாத்துக்குக் கிளை வெட்டுமுன் கொடி ஓய்ந்திருக்கும் நாட்களில்தான் இவளால் சுருளிப்பட்டியை விட்டு அசைய முடியும். பணமும் இவள் பந்தலில் விளைந்தது. பதிவும் இவள் பெயரில்.

பயண முகவர் எட்வின் இருவகைக் கட்டணம் உண்டென்றான். ஒன்றில், புறப்பாட்டுக்கு முப்பது நாள் முன்புவரை விலகிக்கொண்டால் முழுத் தொகையும் திரும்பும். மற்றது இருவருக்குமாக ஒன்பதாயிரம் குறைவு. ஆனால் போகாவிட்டால் போனது போனதுதான். 'ரீஃபண்டபிள், நான்-ரீஃபண்டபிள்' என்றான். மீளும் கட்டணம், மீளாக் கட்டணம் என்று சொல்லிப் பழகச் சொன்னேன். பொதுவாழ்வில் நிற்பவன் மீளும் கட்டணத்தையே ஏன் கொள்ள வேண்டும் என்பதையும் விளக்கினேன். கால்மணி நேரம் ஆகியிருக்கும். எட்வின் இருமுறை வாயெடுத்தான், பிறகு விட்டுவிட்டான்.

முனீஸ்வரி ஒன்றே கேட்டாள். "போகலைன்னா முழுக் காசும் வந்துருமா தம்பி?" வந்துவிடும் என்றான். அவள் என்னைப் பார்த்தாள்.

மணமாகி முப்பத்தோராண்டு. இவள் இன்னும் கடலைக் கண்டதில்லை. நான்கு முறை புறப்பட்டோம். நான்கு முறையும் மேடை அழைத்தது. இம்முறை போவோம். எழுதி வைக்கிறேன்.

புரட்டாசி 9

கொடிக்கு மருந்து வாங்கக் கம்பம் போன முனீஸ்வரி வெறுங்கையோடு திரும்பினாள். கேட்க நினைத்து, நாளைய உரைக்குக் குறிப்பெடுப்பதில் மறந்தேன்.

ஐப்பசி 5

மதுரையிலிருந்து கடிதம். பொன்விழாப் பட்டிமன்றம். வழக்கமான நடுவருக்கு உடல்நலமில்லை. என்னை நடுவராக அமர அழைக்கிறார்கள். இருபத்தெட்டு ஆண்டுகள் ஓரத்து இருக்கையிலிருந்து எழுந்து வாதிட்டவன் நான். நடு இருக்கை!

நாள்: கார்த்திகை 13.

கப்பல் 12.

முப்பது நாள் கெடுவுக்கு இன்னும் ஏழு நாள் இருக்கிறது. தொகை மீளும். கடலும் எங்கும் போய்விடாது. இவளிடம் எப்படிச் சொல்வது? — சொல்லத் தெரியாதவனா நான்?

ஐப்பசி 6

தொகை மீளாது.

எட்வின் கணினியைத் திருப்பிக் காட்டினான். "ஐயா, நீங்க சொன்னதுதான் போட்டேன். மூணாம் நாளு அக்கா வந்தாக. அதக் கேன்சல் பண்ணிட்டு மத்ததப் போடச் சொன்னாக. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். இப்ப விட்டா துறைமுக வரி மட்டுந்தான் வரும்." ஒப்பந்தத்தின் அறம் குறித்து இருபது நிமிடம் முழங்கினேன். காத்திருந்தவர்களில் ஒருவர் கைதட்டினார். எட்வின் வரித் தொகையைத் தாளில் எழுதி நீட்டினான்.

முனீஸ்வரி பந்தலடியில் குலை அறுத்துக்கொண்டிருந்தாள். ஏன் செய்தாய் என்றேன். கத்திரியைக் கீழே வைக்கவில்லை.

"காசு திரும்பக் கெடைக்கும்னா நீங்க வர மாட்டீக. அதான்."

எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? முப்பத்தோரு வருசம் கூட இருந்தவளுக்கு நடு இருக்கைன்னா என்னன்னு தெரியாதா? — கத்தினேன். பக்கத்துத் தோட்டத்து ஆசிரியை பிலோமினா வேலியருகே வந்து நின்றார். என் பெயரை அடித்துவிட்டு யாரையேனும் ஏற்றிக்கொண்டு போ, நான் சொன்னால் சொன்னதுதான் என்றேன்.

"சரி" என்றாள். அடுத்த குலையை அறுத்தாள்.

ஐப்பசி 8

மதுரைக்கு இசைவுக் கடிதம் அனுப்பினேன்.

ஐப்பசி 19

தலைப்பு வந்துவிட்டது: இல்லறத்தைத் தாங்குவது விட்டுக்கொடுத்தலா, விட்டுக்கொடாமையா? தீர்ப்புரை எழுத அமர்ந்தேன். மூன்று தாள் கிழித்தேன். வீட்டில் சோறு இருக்கிறது, பேச்சில்லை.

ஐப்பசி 26

பந்தல் கம்பியில் ஒரு சேலை காய்ந்தது. நீலம். மடிப்பு மடிப்பாக வெளுத்திருந்தது. நினைவு வரச் சற்று நேரமாயிற்று. முதன்முறை கன்னியாகுமரிக்குப் புறப்பட எடுத்தது. அன்று தேனியில் ஆர்ப்பாட்டம், நான் தலைமை. அதன்பின் அவள் அதை உடுத்திக் கண்டதில்லை.

தீர்ப்புரையில் என்ன எழுதுவேன்?

ஐப்பசி 27

மதுரைக்குத் தொலைபேசியில் சொன்னேன், வர இயலாது என்று. அழைப்பிதழ் அச்சாகிவிட்டதே என்றார் செயலர். பொறுத்தருள வேண்டினேன். இனி இந்த மேடைக்கு உங்களை அழைப்பது கடினம் என்றார். நயமாகத்தான் சொன்னார்.

சொன்ன கையோடு எட்வினிடம் ஓடினேன். இவளுக்குச் செய்தியாகச் சொல்லாமல், என் பெயருள்ள சீட்டாகக் காட்ட எண்ணம். எட்வின் நெடுநேரம் திரையைப் பார்த்தான்.

"பேரு மாறிருச்சேய்யா. ஐப்பசி ஏழாந் தேதியே பிலோமினா டீச்சர் பேருக்கு மாத்திட்டாக. ஒரு தடவதான் மாத்த முடியும். கப்பலும் ஃபுல்லு."

ஏழாம் தேதி. நான் கத்திய மறுநாள். நான் சொன்னதை இவள் சொன்னபடியே எடுத்துக்கொண்டாள். யாரைக் குறை சொல்ல?

முனீஸ்வரியிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் போக மாட்டாள்.

கார்த்திகை 11

குமுளி வரை பெட்டி தூக்கிச் சென்று கொச்சிப் பேருந்தில் இருவரையும் ஏற்றினேன். அந்த நீலச் சேலை. "மதுரைக்கு வெள்ளச் சட்ட தேச்சு வச்சிருக்கேன்" என்றாள் சன்னல் வழியே. தலையசைத்தேன்.

பிலோமினா மட்டும் என்னை உற்றுப் பார்த்தார். "என்ன சார், பேச்ச எங்கன வச்சுட்டு வந்தீக?"

கார்த்திகை 13

மாலை ஆறரை. மதுரையில் நடுவர் எழுந்திருப்பார். நான் பந்தலுக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். தீவில் இறங்கியிருக்கிறோம் என்று முனீஸ்வரி அழைத்தாள்.

"கூட்டம் ஆரம்பிச்சிருச்சா?"

ம் என்றேன்.

"நம்ம மோட்டார் சத்தம்ல கேக்குது."

அவள் கைப்பேசியை அப்படியே கடலுக்கு நேராகப் பிடித்தாள் போலும். இரைச்சல் வந்தது, போனது, வந்தது. வாய்க்கால் நிரம்பி வழிந்ததைக் கூடக் கவனிக்கவில்லை நான்.

தை 22

முனீஸ்வரியோடு கம்பம். சித்திரை அறுப்புக்குப் பின் ஒரு கப்பல் இருக்கிறதாம். எட்வின் இருவகைக் கட்டணத்தையும் முதலிலிருந்து சொன்னான்: கெடு, வரி, பெயர் மாற்றம், எல்லாம். இடைமறிக்காமல் கேட்டேன். இந்தத் தடவை எது போட என்றான்.

முனீஸ்வரி சுவரிலிருந்த கப்பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்-ரீஃபண்டபிள்" என்றேன்.