கொடி புதைத்த பைன் கன்று

கூடலூர், 14 ஜூன் 1937

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பைன் கன்றை அளந்தேன். பத்தரை அங்குலம். போன மாதமும் பத்தரைதான். அடிக்கோலைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தும் பார்த்தேன். பிரயோசனமில்லை.

மகள் மாயக்காளுக்குப் பதினேழு மாதம். இன்னும் எழுந்து நிற்கவில்லை.

18 ஜூன்

முதல் இரண்டு பிள்ளைகளும் வருஷம் திரும்புமுன் போய்விட்டன. தொப்புள்கொடியைப் புதைக்காமல் விட்டதுதான் குற்றம் என்று ஊரே சொன்னது. தென்னங்கன்றுக்கு அடியில் புதைத்தால், கன்று வளர்வது போலப் பிள்ளையும் வளருமாம்.

மூன்றாவதான மாயக்காளுக்கு நான் அதிபுத்திசாலியாக யோசித்தேன். மலைப் பைன் ஆயிரம் வருஷம் நிற்கும் என்று எஸ்டேட் தோட்டக்காரர் மொக்கைச்சாமி சொன்னார். கன்று வாங்கி வந்து நட்டு, அதன் அடியில் கொடியைப் புதைத்தேன். மெதுவாகத்தான் வளரும் என்றும் அவர் சொல்லியிருந்தார். அது காதில் ஏறவில்லை.

2 ஜூலை

பக்கத்து வீட்டு ஜக்கம்மாவின் மகன் கருத்தக்கண்ணன், மாயக்காளைவிட ஒரு மாதம் இளையவன், எங்கள் வாசல்வரை ஓடி வந்தான். அவன் கொடியைப் புதைத்த தென்னை என் இடுப்புக்கு மேல். ஜக்கம்மா என் கன்றைப் பார்த்து, "என்ன வாத்தியாரே, வச்சது வச்சபடி நிக்குது?" என்றாள்.

என் மனைவி கஸ்தூரி மாயக்காளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

9 ஆகஸ்ட்

கன்றின் ஊசியிலைகள் நுனி பழுத்திருக்கின்றன. மாயக்காளுக்குக் காய்ச்சல். இரண்டும் ஒரே நாளில் – தற்செயல்தான். காலையில் வகுப்பில் மூடநம்பிக்கை கூடாது என்று பாடம் நடத்தினேன். மாலையில் கன்றுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன்.

10 ஆகஸ்ட்

காய்ச்சல் விடவில்லை. ஐயோ, என்ன செஞ்சு தொலைச்சேன்!

12 ஆகஸ்ட்

காய்ச்சல் இறங்கியது. பயம் இறங்கவில்லை.

3 அக்டோபர்

இனி பொறுக்க முடியாது, கொடியை எடுத்துத் தென்னைக்கு மாற்றிவிடலாம் என்று மண்வெட்டியோடு போனேன். கஸ்தூரி ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"வெட்டாதீக. அங்கன ஒண்ணும் இல்ல."

"என்னது?"

"நீங்க புதைச்ச மறுநாளே எங்க ஆத்தா தோண்டி எடுத்துட்டாக. தேவாரம் ஊருல, எங்க ஆத்தா வீட்டுக் கொல்லைத் தென்னங்கன்னுக்கு அடியில வச்சிருக்கு. நான்தான் செய்யச் சொன்னேன்."

கோபம் தலைக்கேறியது. அப்புறம்தான் கேட்கத் தோன்றியது: "அந்தத் தென்னை எப்படி இருக்கு?"

"ஆளுயரம் தாண்டிருச்சு. பிள்ளை நிக்கலையே! இதை யார்ட்டப் போய்ச் சொல்லுவேன்?" என்று உட்கார்ந்து அழுதாள்.

மரம் வளரவில்லையே என்று எனக்குப் பயம். மரம் வளர்ந்தும் பிள்ளை நிற்கவில்லையே என்று அவளுக்குப் பயம். ஒரே வீட்டில் இத்தனை மாதம் ஆளுக்கொரு பயத்தை ஒளித்து வைத்திருந்தோம்.

4 அக்டோபர்

இன்று பயம் இன்னும் அதிகம். மரத்தின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தவரை ஏதோ ஒரு பிடி இருந்தது. குறை மரத்தில் இல்லையென்றால் பிள்ளையிடம்தானே?

7 அக்டோபர்

மாயக்காளை மதுரைக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் அவள் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். எலும்பில் வலு இல்லையாம். காலை வெயிலில் விட வேண்டும், மீன் எண்ணெய் கொடுக்க வேண்டும். "நடப்பாளா?" என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்.

பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம்? பஸ்ஸில் கஸ்தூரியும் அதையேதான் கேட்டாள்.

20 நவம்பர்

மீன் எண்ணெயைத் துப்புகிறாள். பாதியாவது உள்ளே போகிறது.

மொக்கைச்சாமி மலையிலிருந்து இறங்கி வந்தார். கன்றைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "தண்ணிய ஊத்தி ஊத்தியே கொல்றீகளே! இது பாறையில கெடக்குற சாதி. சும்மா விடுங்க." விட்டுவிட்டேன். இனி யார் உயிரும் அதன் தலையில் இல்லை, அது பாட்டுக்கு நிற்கட்டும்.

16 ஜனவரி 1938

காலையில் மாயக்காள் கதவைப் பிடித்து எழுந்தாள். கதவை விட்டாள். ஓர் அடி. இன்னோர் அடி. கால் பின்னியது. பிடிக்கப் பாய்ந்தேன். கஸ்தூரி என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"போகாதீக. விழட்டும்."

விழுந்தாள். எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி எழுந்தாள்.