முதுகில் ஒரு வேன்

ஜூன் 7, சனி

இந்த மனுசனுக்கு ஐம்பத்துநாலு வயசு. ஸ்கூல் வேன் ஓட்டுகிற ஆள். மாத்தளையில் ஒரு வேலை என்று காலையில் போனவர், பின்னேரம் முதுகில் பிளாஸ்டிக் தாளை ஒட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். பச்சை குத்தியிருக்கிறார். வலது தோள்பட்டைக்குக் கீழே, உள்ளங்கை அளவுக்கு.

நான் வாயைத் திறந்தேன். திறந்த பிறகு மூடவில்லை. இந்தக் கருமத்துக்குத்தானே ரெண்டு வருசத்துக்கு முன்னே மகன் கிஷானை வீட்டை விட்டுத் துரத்தினார்? பேங்க் வேலையை விட்டுட்டு டட்டூ கடையில் வேலை பழகப் போறேன் என்று பிள்ளை சொன்ன அன்றைக்கு, அவன் சின்ன வயசிலிருந்து படம் கீறி வைத்திருந்த கொப்பிகளை எல்லாம் பின்பக்கம் போட்டு எரித்தது யார்? அவன் இப்போ கட்டுகஸ்தோட்டையில் அறை எடுத்து இருக்கிறான். அவன் வேலை செய்கிற கடையைத் தாண்டித்தான் இவருடைய வேன் ஒரு நாளைக்கு ரெண்டு தரம் போய் வருகிறது. ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்த்ததில்லையாம். அதை ஒரு பெருமையாக வேறு சொல்வார்.

"என்ன படம் அது?"

"ஆறட்டும். பொறவு பாரு."

நல்லா ஆத்திக்கோங்க என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஆத்திக்கொள்ள முடியாது. கை எட்டாது.

கடைக்காரன் கொடுத்த தாளில் இருப்பது: ஒரு நாளைக்கு ரெண்டு தரம் வாசமில்லாத சவுக்காரத்தால் கழுவணும், டிசுவால் ஒற்றணும், கிரீம் பூசணும், சொறியக் கூடாது, வெயில் படக் கூடாது. பூசைக்கு நேரமாகிறது, இவர் கண்ணாடிக்கு முன்னால் நின்று கையை அப்படியும் இப்படியும் முறுக்கிக்கொண்டிருக்கிறார். பார்க்கச் சகிக்காமல் நான்தான் கழுவினேன். யார் மேல் கோபமோ அந்த ஆளின் முதுகை மெதுவாகக் கழுவுவது லேசான வேலை இல்லை.

வீங்கிப்போய்க் கறுப்பாகப் பெட்டி மாதிரி ஏதோ தெரிகிறது. லொறியோ, வீடோ, எனக்கென்ன.

ஜூன் 9, திங்கள்

வேன் சீட் ரெக்ஸின். வியர்வையில் சேட் முதுகோடு ஒட்டிப்போய் வந்தார். இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு ஊற வைத்து, அரை மணித்தியாலம் எடுத்தது உரிக்க. எனக்கு நாலாம் வகுப்புக் கொப்பி முப்பத்தெட்டு திருத்தக் கிடக்கிறது.

இதில் ஒரு தாய் எனக்குப் போன் எடுக்கிறா. "டீச்சர், லோரன்ஸ் அங்கிளுக்குக் கண்ணில ஏதும் பிரச்சினையா? ஸ்டியரிங்கில மூக்கை வச்சுக்கிட்டு ஓட்டுறாராம், புள்ளைங்க சொல்லுதுங்க." சீட்டில் சாய முடியாமல் அப்படிக் குனிந்து ஓட்டுகிறார். என்ன சொல்லுவேன்? இடுப்புப் பிடிப்பு என்றேன். இவருக்காகப் பொய் வேறு.

ஜூன் 10, செவ்வாய், போயா

பௌர்ணமி லீவு. நாள் முழுக்கக் குப்புறப் படுத்திருந்தார். தேத்தண்ணியையும் அப்படியே குடிக்கப் பார்த்து புது விரிப்பைப் பாழாக்கினார்.

ஜூன் 12, வியாழன்

கடி தாங்க முடியவில்லையாம், சொறியணும்போல் இருக்கிறதாம். நான் ஸ்கூலில் இருந்த நேரம் பார்த்து, அகப்பைக் காம்பில் துணியைச் சுற்றி, தைலத்தைத் தொட்டு முதுகில் பூசியிருக்கிறார். தலைவலிக்குப் பூசுகிற தைலத்தை. பச்சைப் புண்ணில். நான் வரும்போது குழாயடியில் குந்திக்கொண்டு "எரியுது கொறற்றி, எரியுது" என்று என் பேரைச் சொல்லிக் கத்துகிறார். எரியாம?

அகப்பையைக் குப்பையில் போட்டேன்.

பிறகு என்னோடு படிப்பிக்கிற றலியா டீச்சருக்குப் போன் எடுத்துக் கேட்டேன், என்ன செய்யலாம் என்று. அவ சிரித்தா. "அந்த வேலையே தெரிஞ்ச மகன் இரிக்கக்குள்ள என்னத்துக்கு என்னட்ட கேக்கிறீங்க?"

அதுவும் சரிதான். கிஷானுக்கு மெசேஜ் போட்டேன். எங்கள் ஸ்கூல் டீச்சர் ஒருவரின் புருசனுக்கு என்று எழுதினேன். உடனே குரல் பதிந்து அனுப்பினான். "தைலமா? யாரும்மா அந்த அறிவாளி? கழுவிட்டு ஒரு நாள் ஒண்ணும் பூச வேணாம்னு சொல்லுங்க. பொறவு கிரீம் கொஞ்சமாத்தான். பாணுக்குப் பட்டர் பூசுற மாதிரி அப்ப வேணாம்."

நான் அப்படித்தான் அப்பிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

அந்தோனியார் திருநாள். காணாமல் போனதைத் தேடித் தருகிறவரிடம் நான் என்னத்தைக் கேட்பது? காணாமல் போனவன் நாலு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறான். கோயில் வாசலில் யாரோ "எப்படி லோரன்ஸ்" என்று இவர் முதுகில் தட்டினார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

தோல் பொடிப்பொடியாக உரிகிறது. இன்றைக்குத்தான் படம் தெளிவாகத் தெரிந்தது. கோணல் வேன் ஒன்று. நீளமான மூக்கு, ஜன்னலுக்கு வெளியே பெரிய கை, தொப்பி போட்ட டிரைவர்.

எனக்குக் கை நின்றுவிட்டது. அது கிஷான் கீறியது. ஆறு வயசில், அப்பா முதல் முதலாக வேன் வாங்கிய கிழமை. எல்லாம் எரிந்துபோனது என்றுதானே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்?

இவர் எதையும் ஒளித்து வைக்கிற இடம் வேன்தான், போய்த் தேடினேன். இன்சூரன்ஸ் கடுதாசிகளோடு இருந்தது, நாலாக மடித்து. மடிப்பு விழுந்த இடத்தில் மை கரைந்து கறையாகி இருக்கிறது. கொஞ்ச நேரம் வேனிலேயே இருந்து அழுதேன். பிறகு உள்ளே வந்து கத்தினேன். இதை வைத்திருந்த ஆளுக்கு ஒரு போன் எடுக்க முடியாதா? ரெண்டு வருசமா வாய்க்குள்ள என்ன, கொழுக்கட்டையா?

"அவன் பொறந்த நாளுக்கு முன்னுக்கு ஆறிரும்னு பார்த்தேன். போய் சேட்டைக் கழட்டித் திரும்பி நின்னா போதும். பேசத் தேவையில்ல."

"அப்ப அவனோட கடைக்கே போயிருக்கலாமே?"

"எந்த மொகத்தோட போறது? அவனை எரிச்ச மாதிரிதானே கொறற்றி நான் செஞ்சது."

அவனுக்கு இப்போதைக்குத் தெரியக் கூடாதாம். நான் சத்தியம் பண்ணவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

ஓரம் சிவந்து சுடுகிறது. மஞ்சளாக ஏதோ கசிகிறது. டொக்டரிடம் வரமாட்டாராம், இந்த வயசில் இதையா காட்டுவது என்று வெட்கமாம். ஊசி குத்தும்போது எங்கே போனது அந்த வெட்கம்?

கிஷானுக்கு எழுதினேன். போட்டோ அனுப்பச் சொன்னான். அனுப்பினால் தெரிந்துவிடும். படம் ஒரு பக்கம் இருக்க, அந்த முதுகில் பலா மரத்திலிருந்து விழுந்த தழும்பு இருக்கிறது. அந்த முதுகில் உப்புமூட்டை ஏறி வளர்ந்தவனுக்கு அது தெரியாதா? அனுப்பாவிட்டால் புண் புரையோடும்.

அனுப்பிவிட்டேன். இவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 18, புதன்

பார்த்துவிட்டான். நீலச் சரி ரெண்டும் விழுந்திருக்கிறது. பதில் இல்லை. இடைவேளைக்கு இடைவேளை போனைப் பார்த்து, ஒரு பிள்ளையின் சரியான கணக்கைப் பிழை என்று போட்டுவிட்டேன். அப்பன் மாதிரியேதான் மகனும். ரெண்டும் கல்லு.

ஜூன் 19, வியாழன்

காலையில் வந்தது: "அம்மா, இன்னைக்கே டொக்டர்ட்ட காட்டுங்க. வரமாட்டேன்னா நான் சொன்னேன்னு சொல்லுங்க."

சொன்னேன். இவர் என்னை முறைத்தார், பிறகு சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். டொக்டர் ஏழு நாளைக்கு மருந்து கொடுத்தார்.

பின்னேரம் இன்னொரு மெசேஜ். "முன் சீட்டில அப்பாவுக்குப் பக்கத்தில நான் இருந்தேனே. என்னை எங்க?"

இவர் வேனுக்குப் போய்க் கடுதாசியை எடுத்துவந்து, கண்ணாடி போட்டு, போனையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். கறை என்று நாங்கள் நினைத்தது ஒரு சின்னத் தலை. மாத்தளைக்காரனும் கறை என்றுதான் விட்டிருக்கிறான்.

"முதுகில எனக்குக் கண்ணா இருக்கு பார்க்க?" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அவர் மேல் அவ்வளவு கோபம், அவ்வளவு பாவமாகவும் இருந்தது.

ஜூன் 26, வியாழன்

மருந்து முடிந்தது. சிவப்பு இறங்கிவிட்டது. கிஷானிடமிருந்து புண்ணைப் பற்றி மட்டும் தினமும் கேள்வி வருகிறது.

இன்றைக்கு அவன் கடைக்கு முன்னால் வேனை நிறுத்தினாராம். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்ததும் எடுத்துவிட்டாராம். இதை என்னிடம் ஏதோ சாதனை மாதிரி சொல்கிறார்.

ஜூலை 5, சனி

கிஷானுக்கு இருபத்தாறு. கேக்கோடு ரெண்டு பேரும் அவன் கடைக்குப் போனோம். படி ஏறுவதற்கு முன்னே மூன்று தரம் மூச்சு வாங்கினார். மேலே போனதும் ஒரு வணக்கம் கிடையாது, சேட்டைக் கழற்றித் திரும்பி நின்றார்.

கிஷான் லைட்டை இழுத்து வைத்துப் பார்த்தான். பெருவிரலால் தடவினான். ரொம்ப நேரம்.

"கோடெல்லாம் நடுங்கியிருக்கு."

"மாத்தளையில."

"தெரியுது. உள்ளுக்கு இன்னும் ஆறல்ல. ஆறு கிழமை போகணும். ஓகஸ்ட் பதினாறு வாங்க."

வருகிற போகிறவர்களுக்குக் கொடுக்கிற மாதிரி திகதி எழுதி ஒரு காட் கொடுத்தான். இவர் அதைச் சட்டைப் பையில் வைத்தார். ரெண்டு வருசத்துக்குப் பிறகு அவ்வளவுதான் பேச்சு. எனக்கு ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு அறை விடணும்போல் இருந்தது. கேக்கை நான்தான் வெட்டினேன்.

ஜூலை 22, செவ்வாய்

கிஷான் கொடுத்த காட்டைக் காணவில்லை என்று வீட்டைத் தலைகீழாக்கினார். இன்சூரன்ஸ் கடுதாசிகளோடு இருந்தது.

ஓகஸ்ட் 16, சனி

பதினைந்து நிமிசம்கூட ஆகவில்லை. புளியங்கொட்டை அளவில் ஒரு தலை, டிரைவருக்குப் பக்கத்தில், மூன்று மயிர் நட்டுக்கொண்டு. ஊசி படும்போது இவர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். "வலிக்குதாப்பா?" என்று அவன் கேட்டான். இல்லை என்று தலையை ஆட்டினார். கண்ணீர் ஓடுகிறது, வலி இல்லையாம்.

திரும்பவும் கழுவல், திரும்பவும் கிரீம். அந்தச் சவுக்காரத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. பின்னேரம் எடுத்துக்கொண்டு எழும்பினேன், எங்களோடு வீட்டுக்கு வந்த கிஷான் கையிலிருந்து பிடுங்கிவிட்டான். "நீங்க அள்ளி அப்புவீங்கம்மா. நான் பார்த்துக்கிறேன்."

இப்போ பாத்ரூமில் ரெண்டு பேரும் சத்தம். மெதுவாடா என்கிறார் இவர். ஆடாம நில்லுங்க, தைலம் பூசின ஆள்தானே நீங்க என்கிறான் அவன். நான் எழும்பிப் போகவில்லை, கொப்பி திருத்துகிறேன்.

முன்னறைக் கதிரையில் அவனுடைய உடுப்புப் பை இருக்கிறது. எதற்கு என்று கேட்டேன். ஆறுறதுக்கு மூணு கிழமை செல்லுமே, ஒரு நாளைக்கு ரெண்டு தரம் கழுவணுமே என்றான்.